பயனர்கள்: இரண்டு பேர்

‘ஸ்யாமளா, இன்று நீங்கள் வழக்கத்தைவிடக் குறைவாகவே நடந்திருக்கிறீர்கள்.’

கைப்பேசித் திரையில் மின்னிய அந்த வரியை மாதங்கி இரண்டு முறை படித்தாள். குக்கர் விசிலடித்து ஓய்ந்திருந்தது. பருப்பு வெந்த வாசனை அடுக்களை முழுக்கப் பரவ, கையிலிருந்த கரண்டியிலிருந்து ரசம் சொட்டுச் சொட்டாக மேடையில் விழுந்துகொண்டிருந்ததுகூட அவளுக்குத் தெரியவில்லை. ஸ்யாமளா அவள் கணவன் கிரிதரின் முதல் மனைவி. காலமாகி மூன்று வருஷம் ஆகிவிட்டது. மாதங்கி கழுத்தில் தாலி ஏறி, இந்த கே.கே. நகர் வீட்டுக்குள் வந்து ஐந்து மாதம்.

ஆபீஸில் கொடுத்தார்கள், நீ வைத்துக்கொள் என்று சொல்லி, போன வாரம் கிரிதர்தான் அந்தக் கைப்பேசியை அவளிடம் கொடுத்திருந்தான்.

சாயங்காலம் அவன் வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றும்போதே கேட்டுவிட்டாள்.

“இது அவளோட போனா?”

அவன் கை பொத்தானிலேயே நின்றது. “எல்லாத்தையும் அழிச்சாச்சு மாது. அதுல ஒண்ணுமே கிடையாது. நல்ல போனாச்சே, வீணாப் போறதேன்னு...”

“சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா வேண்டாம்னிருப்பே.”

ஹாலில் மாட்டியிருந்த ஸ்யாமளாவின் படத்தை மாதங்கியால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. தினமும் அவளே அதற்கு மல்லிகைச் சரம் சாத்தினாள். படம் சுவரில் இருக்கும், அவ்வளவுதான். இது அப்படியில்லை. ‘கி’ என்று தட்டினால் ‘கிரிக்கண்ணா’ என்று எடுத்துக் கொடுத்தது. அப்படி அவள் அவனை ஒருநாளும் கூப்பிட்டதில்லை. யாரோ விரும்பிப் பூசிய சந்தன சோப்பு விலை குறைந்திருப்பதாக மத்தியானங்களில் வந்து சொன்னது. அவளே உட்கார்ந்து இரண்டு தடவை எல்லாவற்றையும் துடைத்து அழித்தாள். இரண்டு தடவையும் மறுநாளே ஸ்யாமளா வந்துவிட்டாள். அதற்கப்புறம் மாதங்கி அழிக்கவில்லை. சொத்தைப் பல்லை நாக்கால் துழாவிக்கொண்டே இருப்பதுபோல, அடுத்து என்ன வரும் என்று எடுத்து எடுத்துப் பார்த்தாள். எப்படியெல்லாம் வாழ்ந்திருக்கிறாள் அவனோடு!

சனிக்கிழமை பழங்காநத்தத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் அழகுபாண்டியிடம் எடுத்துப் போனாள்.

“நீங்க எம்புட்டு அழிச்சாலும் மேலாக்க இருக்கிறதுதான்க்கா போகும்” என்றான் அவன். “போனுக்குன்னு ஒரு நம்பர் இருக்கு. பதினஞ்சு இலக்கம். அது அழியாது. அந்த நம்பரை வச்சு, ஆளு எப்ப எந்திரிக்குது, எங்க போகுது, விரலை எப்படி வைக்குதுன்னு அம்புட்டையும் கம்பெனிக்காரன் சேத்து வச்சிருவான்.”

“ஆள் செத்துப்போயிட்டா?”

அழகுபாண்டி நிமிர்ந்து பார்த்தான். “அது அவனுக்கு எப்படிக்கா தெரியும்?”

கம்பெனியின் பக்கத்தைத் திறந்து எண்ணை அடித்தான். உரிமையாளர்: ஸ்யாமளா. அதற்குக் கீழே, இன்றைய பயனர்கள்: இரண்டு பேர்.

“ஒண்ணு நீங்க. இன்னொண்ணு சாராத்தான் இருக்கும். நீங்க இல்லாதப்ப எடுத்துப் பாப்பாரு.” சிரித்துக்கொண்டே அவள் முகத்தைப் படம்பிடித்துப் பூட்டுப் போட்டுக் கொடுத்தான். “இனி உங்க மூஞ்சியைக் காட்டினாத்தான் திறக்கும். சாரால முடியாது.”

பஸ்ஸில் வரும்போது வயிறு பற்றி எரிந்தது. ஆக, தான் குளிக்கப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் அவன் அதை எடுத்து வைத்துக்கொண்டு ஸ்யாமளாவைத் தேடுகிறான். கையும் களவுமாகப் பிடித்துவிட வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை, விளக்கேற்றிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போயிற்று. மின்விசிறி தயங்கித் தயங்கிச் சுற்றி நின்றது. மாடிவீட்டு டிவி பாதிப் பாட்டில் அறுந்தது. புழுக்கத்தில் எண்ணெயும் வாடிய மல்லிகையும் கலந்த வாசனை கனத்துக் கிடக்க, கிரிதர் சோபாவின் ஒரு ஓரத்தில் சாய்ந்திருந்தான். மாதங்கி கைப்பேசியை டீப்பாய் மேல், தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து, சோபாவைப் பார்க்க நிறுத்தி வைத்தாள். சோபாவுக்குப் பின்பக்கம் இருந்த அடுக்களை வாசலில் போய் இருட்டில் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவன் பின்னந்தலை தெரிந்தது. அதைத் தாண்டி, கறுப்புத் திரை.

எங்கோ பல்லி சொடுக்கியது. அகல்விளக்கின் திரி படபடத்தது.

திரை ஒளிர்ந்தது.

அவன் அசையவில்லை. திரையில் பூட்டுப் படம் வந்தது. ஒரு கணம் தேடியது. பூட்டு திறந்துகொண்டது.

எப்படி? தன் முகத்துக்கு அல்லவா திறக்கும்?

மாதங்கி ஓசைப்படாமல் நடந்து சோபாவின் பின்னால் போய் நின்றாள். கேமரா தானாகத் திறந்திருந்தது. அதில் கிரிதர் தெரிந்தான். கண்கள் மூடியிருந்தன. கைகள் மடியில் கிடந்தன. நல்ல தூக்கம். அவன் முகத்தைச் சுற்றி ஒரு சின்ன மஞ்சள் கட்டம். முகம் இருக்கும் இடத்தில் கேமரா போடும் கட்டம்.

பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது.

காலியான இருக்கைக்கு மேலே. உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணின் தலை உயரத்தில்.

அதற்குள் ஒன்றுமில்லை. சோபாவின் துணிதான்.

அவன் தலைக்கு மேலே தன் முகமும் திரையில் தெரிவதை அப்போதுதான் பார்த்தாள். அகலத் திறந்த கண்கள். வியர்த்த நெற்றி. பொட்டு. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது.

அதைச் சுற்றிக் கட்டம் இல்லை.

“ஏன்னா...” என்றாள். சத்தம் வரவில்லை.

காலிக் கட்டம் நகர்ந்தது. அவன் பக்கம். நெருங்கி. இரண்டு கட்டங்களின் ஓரங்களும் ஒட்டிக்கொண்டன.

கிரிதர் தூக்கத்தில் சிரித்தான். இந்த ஐந்து மாதத்தில் அவள் பார்த்திராத சிரிப்பு. பயத்துக்கு நடுவிலும் அவளுக்கு வயிறு எரிந்தது.

அவன் தலை மெல்லக் காலி இருக்கையின் பக்கம் சரிந்தது. விழவில்லை. பாதியில், வெறும் காற்றில், எதன் மேலோ சுகமாகப் படிந்து நின்றது.

பிறகு, அவள் கண்ணெதிரே, அவன் நெற்றி முடி நான்கு கோடுகளாகப் பிரிந்து, மெதுவாக, மிக மெதுவாக, பின்னோக்கிப் படிய ஆரம்பித்தது.