பன்றின்னு நினைச்சேன்!

டுமீல்!

இலி ஆற்றங்கரை நாணல் காடு அதிர்ந்தது.

அடுத்த நொடி...

"ஐயோ...!"

எந்தக் காட்டுப்பன்றியும் அப்படிக் கத்தாது!

ஓராஸ்பெக் துப்பாக்கியைத் தாழ்த்தினார். வட்ட வேட்டைக்காரர் சங்கத்தின் தலைவர். நூற்றுப்பத்து கிலோ. காலை ஒன்பது மணிக்கே வோட்காவும் குதிரைக்கறியும் உள்ளே போயிருந்தன.

நாணலை விலக்கிப் பார்த்தார்.

வேட்டைக் காவலர் ஜாங்கெல்தி குப்புறக் கிடந்தார். ஆரஞ்சு சட்டையின் தோளில் ரத்தம். ஓராஸ்பெக் குனிந்து பார்த்து, தனக்குள் ஏதோ முணுமுணுத்தார்.

இரண்டு மணி நேரம் முன்புதான் இதே ஜாங்கெல்தி எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "சத்தம் கேட்ட பக்கமெல்லாம் சுடாதீங்க. கண்ணால பார்த்துட்டுச் சுடுங்க. குடிச்சவங்க துப்பாக்கியைத் தொடாதீங்க. ஆரஞ்சு சட்டையைக் கழட்டாதீங்க."

"வேட்டைக்கு வந்தோமா, ரோடு போட வந்தோமா?" என்றார் ஓராஸ்பெக். கூட்டம் சிரித்தது. தலைவர் ஜோக் அடித்தால் சிரிக்க வேண்டும் என்பது மட்டும் அந்தச் சங்கத்தில் ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட விதி!

ஓராஸ்பெக் ஜீப்புக்கு ஓடினார். டிரைவர் கென்ஜெதாய் கண்ணாடி துடைத்துக் கொண்டிருந்தான்.

"ஜாங்கெல்தி செத்துட்டான்டா!"

"நாடி பார்த்தீங்களா, அகா?" அந்த ஊரில் 'அண்ணே'வுக்கு அகா.

"நான் என்ன டாக்டரா? போய் அவன் சட்டையைக் கழட்டி எரி. சட்டை போடாம குறுக்கே வந்தான்... பன்றின்னு நினைச்சுச் சுட்டாச்சு. புரியுதா?"

"புரியுது..."

"சுட்டது நீ!"

"நானா?!"

"வேலை வேணுமா, வேண்டாமா?"

கென்ஜெதாய் நாணலுக்குள் போனான். முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். கையெல்லாம் ரத்தம்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது, அகா."

அதன்பிறகுதான் ஓராஸ்பெக் போலீசுக்குப் போன் போட்டார்.

ஒரு மணிக்குக் கேப்டன் ரவ்ஷான் வந்தாள். முழங்கால் வரை சேறு.

"வா, தங்கச்சி! முதல்ல டீ குடி. உடல் அந்தப் பக்கம்..."

"பார்த்துட்டுத்தான் வர்றேன். சுட்டது யாரு?"

கென்ஜெதாய் கையைத் தூக்கினான். "நான்தான், கேப்டன்."

ரவ்ஷான் துப்பாக்கியை எடுத்தாள். தோட்டாக்களை உருவினாள். காலியா என்று இரண்டு முறை பார்த்து அவனிடம் நீட்டினாள்.

"எப்படித் தோட்டா போட்டே? செஞ்சு காட்டு."

கென்ஜெதாய் எதையோ இழுத்தான். எதையோ அழுத்தினான். குழல் மெல்லத் திரும்பி ஓராஸ்பெக்கின் தொப்பையைப் பார்த்தது.

"டேய்! அந்தப் பக்கம் திருப்புடா!" தலைவர் தரையில் விழுந்தார்!

"அட! பாதுகாப்பு விதியெல்லாம் தெரிஞ்சிருக்கே!" என்றாள் ரவ்ஷான். "எழுந்திருங்க. இவனுக்குத் துப்பாக்கியைப் பிடிக்கவே தெரியலை. யாரோட துப்பாக்கி இது?"

ஓராஸ்பெக்கின் நெற்றி வியர்த்தது. நவம்பர் குளிரில்!

"சரி... நான்தான் சுட்டேன். ஆனா விபத்து, தங்கச்சி! செத்தவனைக் குறை சொல்லக் கூடாது... ஊருக்கெல்லாம் வகுப்பு எடுத்தவன், தான் மட்டும் சட்டை போடலை. பன்றின்னு நினைச்சேன்!"

"சட்டையே போடலையா?"

"என் அம்மா மேல சத்தியமா!"

"கென்ஜெதாய், நீங்க சொல்லுங்க. சட்டையை எரிச்சீங்களா?"

ஓராஸ்பெக் திரும்பினார். கென்ஜெதாய் முதல் முறையாக அவர் கண்ணை நேராகப் பார்த்தான்.

"எரிக்கலை, அகா. அதைச் சுருட்டிக் காயத்துல அழுத்திக் கட்டினேன். கரை ரோடு வரைக்கும் முதுகுல சுமந்தேன். ஆம்புலன்சுக்கும் கேப்டனுக்கும் போன் போட்டதும் நான்தான். சுட்டது நான்னு கையைத் தூக்கினது கேப்டன் சொல்லித்தான்."

"ஆம்புலன்ஸா...? பிணத்துக்கு எதுக்குடா ஆம்புலன்ஸ்?"

"பிணம் இப்போ ஆஸ்பத்திரியில சூப் கேட்டுக்கிட்டிருக்கு!" என்றாள் ரவ்ஷான். "வாக்குமூலமும் குடுத்தாச்சு. மூணே அடி தூரத்துல நின்னு நீங்க சொன்னதைக் கேட்டாராம்... 'செத்தாலும் நல்லதுதான், சாட்சி இல்லை'ன்னு."

ஓராஸ்பெக்கின் முகம் திடீரென்று மலர்ந்தது!

"உயிரோட இருக்கானா! அப்போ கேஸே இல்லையே, தங்கச்சி!"

"நிறைய இருக்கு. குடிச்சுட்டுச் சுட்டது, ரத்தம் ஒழுகின மனுஷனை விட்டுட்டு ஓடினது, தடயத்தை அழிக்கச் சொன்னது, அப்பாவியை மாட்டிவிட்டது... ஏறுங்க வண்டியில!"

கைவிலங்கு விழுந்தது.

கென்ஜெதாய் ஓரமாக உட்கார்ந்தான். ரவ்ஷான் தலைவரின் டீயை எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

தூரத்தில்... டுமீல்! டுமீல்! சங்கத்து உறுப்பினர்கள் இன்னும் வேட்டையை நிறுத்தவில்லை!

"என் வக்கீல் வராம ஒரு வார்த்தை பேச மாட்டேன்! இப்பவே இங்கே வரச் சொல்றேன்!" என்று கத்தினார் ஓராஸ்பெக்.

"தாராளமா வரச் சொல்லுங்க," என்றாள் ரவ்ஷான். "ஆனா ரோட்டு வழியா வரச் சொல்லுங்க... நாணல் வழியா வந்தா, உங்க ஆளுங்க பன்றிக் கணக்குல சேர்த்துடுவாங்க!"