வரவேற்பறையில் செத்த மீன்கள்

காலை 8.10. சாய ஆலையின் வரவேற்பறைத் தொட்டியில் ஏழு மீன்களும் வயிற்றைக் காட்டி மிதந்தன.

தொட்டிக்கு மேலே பலகை: ‘எங்கள் கழிவுநீரைச் சுத்திகரித்த தண்ணீரில் வாழும் மீன்கள்.’ பதினொரு மணிக்கு வெளிநாட்டு வியாபாரிகள் வருகிறார்கள். இதைப் பார்த்து மனசு குளிர்ந்தால்தான் ஆர்டர். ஆர்டர் வந்தால்தான் அறுநூறு பேருக்கு வேலை.

"இவதான் மேடம் விஷம் வெச்சது. உள்ள தள்ளுங்க," என்று கூட்டிப் பெருக்குகிற அம்மாவைக் காட்டினார் மேனேஜர்.

இன்ஸ்பெக்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு கறுத்துப்போச்சு என்று ஊரே கொடுத்த மனு இரண்டு வருஷமாக ஸ்டேஷன் மேஜையில் தூங்குகிறது. ஒருத்தரும் கேட்கவில்லை. ஏழு மீனுக்கு மட்டும் மேலிடத்திலிருந்து நாலு போன்!

8.25. விசாரணை.

"தொட்டிப் பக்கம் ஏன் போனீங்க?"

"மீனைப் பார்த்துக்கிற தம்பி மூணு நாளா லீவும்மா. தண்ணி மாத்தச் சொன்னாங்க, நேத்து மாத்தினேன்."

அந்தத் தம்பி வேறு யாருமில்லை, இன்ஸ்பெக்டரம்மாவின் கூடப் பிறந்தவன். காய்ச்சலில் படுத்திருக்கிறான்.

"எதாவது கலந்தீங்களா?"

"வாளியைக்கூட நாலு தடவை கழுவினேன்."

இன்ஸ்பெக்டரம்மா குனிந்தார். தொட்டிக்கு அடியில் மூன்று குடிதண்ணீர் கேன்கள், மூடி உடைக்காமல். சுவரோரம் சுத்திகரிப்பு நிலையத்துக் குழாய். கீழே புதுசாக உதிர்ந்த துரு.

"எந்தத் தண்ணி புடிச்சீங்க?"

"இந்தக் குழாய்லதான். திறக்கவே வரல, தட்டித்தான் திறந்தேன்."

8.40.

"மீனைக் கொன்னது நீங்க, மேனேஜர் சார். நேத்து வரைக்கும் இந்தக் குழாயைப் பல மாசமா யாரும் திறக்கல. மீன் வாழ்ந்தது கேன் தண்ணியில. சுத்திகரிப்பெல்லாம் பலகையோட சரி. இந்தம்மா பண்ணின ஒரே தப்பு, அந்தப் பலகையை நம்பினது."

மேனேஜர் அசரவில்லை. "சுத்திகரிப்பு மெஷினை ஓட்டினா துணி விலை ஏறும். ஏறினா ஆர்டர் வேற நாட்டுக்குப் போயிரும். அறுநூறு அடுப்பு அணைஞ்சிரும் மேடம், உங்க தம்பி வீட்டு அடுப்பும்தான்."

"வர்றவங்ககிட்ட விலையை ஏத்தி ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஆனால் அவர் சொன்னதில் பாதி உண்மை. அதுதான் வயிற்றெரிச்சல். இன்ஸ்பெக்டரம்மா தம்பிக்கு போன் போட்டார்.

"தொட்டிக்குக் கேன் தண்ணிதானே ஊத்துவ?"

"ஆமாக்கா."

"ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"சொன்னா ஆலையை மூடிருவாங்க. அப்புறம் நான் எங்கக்கா போவேன்?"

"தெரியலடா," என்றார். நிஜமாகவே தெரியவில்லை. பேனாவைத் திறந்து, ஆலை மேல் போடும் வழக்கில் முதல் சாட்சி என்ற இடத்தில் தம்பியின் பெயரை எழுதினார்.