பங்குக் கிணறு

கொட்டுகிற மழைக்குள், மதிலுக்கு அந்தப் பக்கம் யாரோ கிணற்றில் தண்ணீர் அள்ளும் சத்தம் கேட்டது.

பத்மாசினி இரும்பு அலவாங்கைக் கையில் பிடித்தபடி குசினி வாசலில் நின்று காதைக் கொடுத்தாள். விடிந்ததிலிருந்து ஓட்டில் ஒரு சத்தமும் தகரத்தில் ஒரு சத்தமும் வாழையிலையில் வேறொரு சத்தமுமாக மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. அவ்வளவுக்கும் ஊடாக, எண்ணெய் காணாத கப்பி கிறீச்சென்று சுற்றுவதும் நிற்பதும், பிறகு வாளி கல்லில் முட்டுவதும் தெளிவாகக் கேட்டன. முற்றம் தெரியவில்லை. முழங்காலளவு வெள்ளம் செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு, வாழைச் சருகுகளையும் ஒற்றைச் செருப்பொன்றையும் சுமந்தபடி வீட்டைச் சுற்றி வந்தது. பார்க்கிற இடமெல்லாம் தண்ணீராகக் கிடக்கும்போது எந்த விசரனுக்குக் கிணற்றுத் தண்ணீர் தேவைப்படுகிறது?

வேறு யார், அண்ணன்தான்.

அண்ணன் இராசநாயகத்துக்கும் அவளுக்கும் பெற்ற ஐயா காணியைச் சரிபாதியாக எழுதியபோது கிணற்றையும் பாதியாகத்தான் எழுதினார். நீர்வேலியில் இது புதிதல்ல. எத்தனையோ வீட்டு வளவுகளில் எல்லை கிணற்றின் நடுவே போகும், இரண்டு வீட்டாரும் இரண்டு பக்கம் நின்று அள்ளுவார்கள், அள்ளும்போது ஊர்க்கதையும் கதைப்பார்கள். இவர்களுக்குள் கதை முறிந்த பிறகு அண்ணன் எல்லை நெடுகிலும் ஆளுயரத்துக்கு மேல் மதில் எழுப்பினார். கிணற்றையும் விடவில்லை. அதன் குறுக்கே உத்திரம்போலக் கொங்கிறீற் வளை ஒன்றைப் போட்டு, வளையின் மேலும் கல் வைத்துக் கட்டினார். வளை பாரம் தாங்காது என்று மேசன் சொன்னதால் அந்த இடத்தில் மட்டும் மதில் நெஞ்சளவோடு நின்றது. வளைக்குக் கீழே தண்ணீர் ஒன்றாகத்தான் கிடந்தது, அதைப் பிரிக்க மட்டும் அவருக்கு வழி கிடைக்கவில்லை.

அதோடாவது விட்டாரா? லொறி லொறியாக மண் கொண்டுவந்து பறித்துத் தன் வளவை உயர்த்தினார். இரண்டு வளவு மழைநீரும் வயலுக்குப் போகிற வெள்ளவாய்க்காலை மதிலின் அத்திவாரத்தோடு சேர்த்து அடைத்தார். அன்றிலிருந்து மழை பெய்தால் அவர் வளவில் ஈரம், அவள் வளவில் குளம். பத்மாசினி முறைப்பாடு கொடுத்தாள். அதிகாரிகள் வந்தார்கள், அளந்தார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போனார்கள். வெள்ளம் வந்தபோது மட்டும் சோற்றுப் பார்சலோடு வந்து, அவள் அதை வாங்குவதைப் படம் எடுத்தார்கள்.

போன புயலுக்கு அவள் புருஷன் சுபாஸ்கரன் இதே அலவாங்கோடுதான் மதிலின் அடியில் ஓட்டை போடப் போனான். வாழைக்குலை வெட்டும் கத்தி பட்டு நகம் இல்லாமல் போன சுட்டுவிரலை அலவாங்கில் மடக்கிப் பிடித்துக்கொண்டு, "அரை மணித்தியால வேலை" என்று சிரித்துவிட்டுப் போனான். மதில் கட்டும்போது உடைந்த கிணற்றுக்கட்டை யார் திருத்துவது என்று இரண்டு வீடும் முறைத்துக்கொண்டு நின்றதில் அது உடைந்தபடியே கிடந்தது. வெள்ளம் அதை மூடியிருந்தது. அவன் கால் வைத்த இடத்தில் தரை இருக்கவில்லை.

தண்ணீர் அவனை வளைக்குக் கீழால் அந்தப் பக்கம் கொண்டுபோனது. இந்தப் பக்கத்திலிருந்து அவள் விட்ட வாளி அவனுக்கு எட்டவில்லை. "அத்தான், வாளியை விடுங்கோ" என்று அவன் அண்ணனைக் கூப்பிட்டான். அவளும் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். அண்ணன் வீட்டுக் குசினி யன்னலில் வெளிச்சம் எரிந்துகொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது. கொஞ்ச நேரத்தில் புருஷனின் குரலும் நின்றது.

"காத்துக்கு ஒண்டும் கேக்கேல்லை" என்று செத்தவீட்டில் அண்ணன் வந்தவர்களுக்கெல்லாம் சொன்னார். அவள் காதுபடவே சொன்னார்.

இன்றைக்கு மதியம் ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ குறுகிய ஒழுங்கையின் வாயில் நின்று, புயல் கரையைக் கடக்கப் போகிறது, தாழ்ந்த இடத்தில் இருப்பவர்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுங்கள் என்று கத்தியது. பின்னால் கிராம சேவகர் குடையும் கையுமாக வந்தார்.

"அக்கா, காத்து இன்னும் கூடுமாம். வெளிக்கிடுங்கோ."

"நீங்கள் அந்த வாய்க்காலைத் திறந்து தந்திருந்தா நான் ஏன் தம்பி வெளிக்கிடோணும்?"

அவர் அடுத்த படலைக்குப் போனார். மகள் கஜந்தினியை முன்வீட்டு ஞானாம்பிகை அக்காவோடு அனுப்பிவிட்டு பத்மாசினி மட்டும் நின்றாள். வாசல் படலையடியில் பிள்ளை அவள் கையை விடவில்லை. மணிக்கட்டில் எந்நேரமும் போட்டிருக்கும் மஞ்சள் தலைமயிர்ப் பட்டி நனைந்து ஒட்டியிருந்தது.

"அப்பாவும் உப்பிடித்தானே அம்மா போனவர். நீங்களும் வாங்கோ."

"நீ போ. உந்த வாய்க்காலைத் திறந்துபோட்டு வாறன்."

"இருட்ட முன்னம் வராட்டி நான் வந்து கூட்டிக்கொண்டு போவன்."

"வந்தா காலை முறிப்பன்" என்றாள் பத்மாசினி. இந்த உலகத்தில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். அதனால்தான் அவ்வளவு கடுமையாகச் சொன்னாள்.

இப்போது பிற்பகல்தான், ஆனால் வானம் கறுத்து இறங்கி மதில் வெறும் நிழலாகத்தான் தெரிந்தது. கரண்ட் காலையிலேயே போய்விட்டது. குசினி யன்னலில் கொளுவியிருந்த சார்ஜர் லைற்றின் வெளிச்சம் ஒன்றுதான் கிணற்றடி வரைக்கும் மங்கலாக விழுந்தது. அந்தப் பக்கம் ஒரு வெளிச்சமும் இல்லை. இருட்டுக்குள் நின்று தண்ணீர் அள்ளுகிறாரா?

கப்பி நின்றது.

"தங்கச்சி."

அண்ணனின் குரல். மதில் எழும்பியதிலிருந்து அந்த வாய் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. குரல் மதிலுக்கு மேலிருந்து வரவில்லை, கீழிருந்து வந்தது. கிணற்றுக்குள் கதைத்தால் கேட்கிற முழக்கம் அதில் இருந்தது.

"தங்கச்சி, வாளியை விடு."

உடம்பு தன்பாட்டில் வாசற்படியால் இறங்கியது. ஒரு கால் வெள்ளத்துக்குள் போன பிறகுதான் மனம் வந்து அவளைப் பிடித்து நிறுத்தியது. விழுந்துவிட்டார். அதே கிணற்றில். அதே தண்ணீரில். கேட்பதும் அதே வாளி.

"இப்ப காது கேக்குதோ அண்ணை?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். வாயில் எச்சில் கசந்தது.

"வாளியை விடு."

குரலில் மூச்சு வாங்கல் இல்லை. தண்ணீர் குடித்துத் தத்தளிக்கிற ஆளின் குரலாக அது இல்லை. வெயில் நாளில் குளிக்க வந்தவர் பக்கத்து வாளியை இரவல் கேட்பது போல, அமைதியாக, ஒரே அளவாகக் கேட்டது. அதோடு ஒரு மணமும் வந்தது. பாசியும் அழுகிய வாழைத்தண்டும் சேர்ந்த மணம்; மழையையும் தாண்டிக் குசினிக்குள் ஏறி, அடுப்படி வரைக்கும் வந்து நின்றது. இது சரியில்லை என்று அவளுக்குள் ஏதோ சொன்னது. அவள் கேட்கவில்லை. இவ்வளவு காலமும் தின்ற சோறு தொண்டையால் இறங்காமல், ஒவ்வொரு நாளும் அந்த அணைந்த யன்னலைப் பார்த்துப் பார்த்து எரிந்தவளுக்கு, இன்றைக்கென்று கடவுள் இதைக் கொண்டுவந்து கையில் தந்திருக்கிறார். விடுவாளா?

"தங்கச்சி."

அவள் குசினிக்குள் திரும்பிப் போனாள். யன்னலில் தொங்கிய சார்ஜர் லைற்றின் ஆளியைப் பார்த்தாள். அவருக்கும் தெரியட்டும், கீழே கிடந்து மேலே பார்க்கிறபோது வெளிச்சம் போவது எப்படியென்று.

அணைத்தாள்.

இனித்தது. பொய் சொல்லக் கூடாது, உண்மையாகவே இனித்தது.

இருட்டில் நின்று கேட்டாள். குரல் உடனே நின்றுவிட்டது. மழை. காற்று. எங்கோ ஒரு தகரம் அடித்தது. பிறகு மதிலில் ஏதோ சறுக்கியது. கல்லில் செருப்பு உரசுகிற சத்தம். அதன் பின் பாரமான ஒன்று தண்ணீரில் விழுந்தது.

அவள் நெற்றியைச் சுருக்கினாள். ஏற்கனவே தண்ணீருக்குள் கிடக்கிறவர் இன்னொரு தரம் எப்படி விழுவார்?

போன் அடித்தது. தெரியாத இலக்கம்.

"தங்கச்சி, அண்ணை கதைக்கிறன். வைச்சிடாதை."

அவள் போனைக் காதோடு அழுத்தினாள்.

"நான் பள்ளிக்கூடத்திலை நிக்கிறன். எங்கடை ஆக்கள் எல்லாரும் காலமையே வந்திட்டம். பிள்ளை உன்னைக் கூட்டிக்கொண்டு வாறன் எண்டு ஒரே பிடியா நிண்டாள். உங்கடை ஒழுங்கையிலை நெஞ்சுக்கு மேலை வெள்ளமாம். என்னட்டை வந்து, மாமா உங்கடை படலைப் பூட்டுத் திறப்பைத் தாங்கோ, உங்கடை வளவாலை போய் கிணத்தடியிலை மதில் ஏறி இறங்கிறன் எண்டாள். நானும் வாறன், நில் எண்டன். திறப்பைப் பறிச்சுக்கொண்டு ஓடிட்டாள். பின்னாலை வந்த என்னைச் சந்தியிலை மறிச்சுப்போட்டாங்கள்." அவர் மூச்சு வாங்கினார். "அம்மா குசினியிலை லைற் வைச்சிருப்பா, அதைப் பாத்து ஏறுவன் எண்டவள். வந்திட்டாளோ தங்கச்சி?"

வெளியே, கிணற்றடியில், அதே குரல், அதே அமைதியோடு சொன்னது:

"தங்கச்சி, வாளியை விடு."

போனில் அண்ணன் கேட்டார்: "ஆர் அங்கை கதைக்கிறது?"

போன் கையிலிருந்து விழுந்தது. லைற். ஆளி எங்கே. சுவர். ஆணி. கிடைத்தது. போட்டாள். யன்னலிலிருந்து பறித்துக்கொண்டு ஓடினாள். வெள்ளம் சேலையைப் பிடித்து இழுத்தது. விழுந்தாள். எழும்பினாள். கிணற்றுக்கட்டின் உடையாத பக்கம் முழங்காலில் இடித்தது.

"கஜா!"

தண்ணீர் கட்டு விளிம்புக்கு வந்திருந்தது. கறுப்புத் தண்ணீர். மதிலின் மேல் ஒரு செருப்பு. நீலச் செருப்பு. பிள்ளையினுடையது.

வாளியை விட்டாள். வளைக்குக் கீழால், அந்தப் பக்கமாக, எட்டுகிற மட்டும் தள்ளி விட்டாள். கயிறு தளர்ந்து கிடந்தது. "பிடி அம்மா. பிடி. பிடி." மழை முகத்தில் அடித்தது. கயிறு அசைந்தது. இறுகியது. ஐயோ கடவுளே, இறுகியது. காலைக் கட்டில் முண்டுகொடுத்து இழுத்தாள். பாரம். வந்தது. மெல்ல மெல்ல வந்தது.

வாளியின் விளிம்பு தண்ணீருக்கு மேலே வந்தது. விளிம்பில் ஒரு கை. சின்னக் கை. மணிக்கட்டில் மஞ்சள் பட்டி.

அந்தக் கையின் மேல் இன்னொரு கை.

பெரிய கை. ஊறி வெளுத்த தோல். சுட்டுவிரலில் நகம் இல்லை. அது பிள்ளையின் கையை மேலே தள்ளவும் இல்லை, கீழே இழுக்கவும் இல்லை. பொத்திப் பிடித்திருந்தது.

"பத்மா" என்றது தண்ணீருக்குக் கீழிருந்து. இப்போது அது அண்ணனின் குரல் இல்லை. சுபாஸ்கரனின் குரல். கோபமே இல்லாத குரல். "லைற்றை ஏன் அணைச்சனீர்?"

அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். சின்னக் கையின் விரல்கள் அசையவில்லை. நகமில்லாத அந்த விரல் மட்டும், பிள்ளையைத் தூங்க வைக்கும்போது செய்வது போல, மஞ்சள் பட்டியை மெதுவாக, மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தது.