கை நடுக்கத்தின் மேல் போட்ட பழி

காலை 9.10. பன்னிரண்டு மணிக்குள் அனுப்ப வேண்டிய, தங்கை அடித்து முடித்த சப்டைட்டில் ஃபைல் அவள் கம்ப்யூட்டரில் இல்லை. அழித்த ஃபைல்கள் போய் விழும் திரைக் குப்பைத்தொட்டியும் துடைத்துவிட்டாற்போல் காலி. ஃபைல் போய்ச் சேர்ந்தால் தங்கைக்காரிக்கு வெளியூரில் வேலை; இல்லாவிட்டால் அவள் அண்ணன் வீட்டிலேயே கிடக்க வேண்டியதுதான்.

பக்கத்து வீட்டு ஏட்டம்மா கூப்பிடாமலே வந்துவிட்டாள். போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும், அடுத்த வீட்டில் கரண்டி விழுந்தால்கூட அவளுக்கு விசாரித்தாக வேண்டும்.

"இதுல விசாரிக்க என்ன இருக்கு?" என்றான் அண்ணன். "கை நடுங்கி எதையாவது தட்டியிருப்பா. இந்த லட்சணத்துல தனியா வேற போறாளாம்!"

"நான் அழிக்கல," என்றாள் தங்கை.

ஏட்டம்மா அண்ணனை வெளியே அனுப்பினாள். "ஒரு வரி அடிச்சுக் காட்டும்மா."

தங்கையின் விரல் ஆடிக்கொண்டே இறங்கியது. வழியில் நாலைந்து விசைகளை இடித்தது, எதுவும் பதியவில்லை. வேண்டிய விசையை அமுக்கிப் பிடித்தாள். கொஞ்சம் பொறுத்துத்தான் எழுத்து வந்தது. மௌஸுக்குப் பதில் பக்கத்தில் பெரிய உருட்டுப் பந்து.

அடுத்து அண்ணி. "ராத்திரி இந்த ரூமுக்கு யார் வந்தது?"

"எனக்கெப்படித் தெரியும்? ஜன்னல்லயே நிக்கிறது நீங்கதானே!"

ஏட்டம்மா அதைக் காதில் வாங்கவில்லை. கூடத்தில் அண்ணன் உலாத்திக்கொண்டிருந்தான்.

"தம்பி, நீங்க?"

"நான் அந்தக் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்ல. பேசாம அந்த வேலையை விட்டுடச் சொல்லுங்க அவள. திரும்ப அடிக்கலாம்னா கீபோர்டும் செத்துக் கிடக்கு."

"செத்துடுச்சா? இப்பத்தானே அவ அடிச்சா!"

அண்ணன் உலாத்துவதை நிறுத்தினான்.

"அமுக்கிப் பிடிச்சாத்தான் அது எழுத்து தரும் தம்பி. பட்டும் படாம தொட்டா மதிக்காது. கை நடுக்கத்துக்காகவே அப்படி வெச்சிருக்கு. படபடன்னு தட்டுற ஆளுக்குத்தான் அது செத்த மாதிரி தெரியும்; தொடாத ஆளுக்கு எப்படித் தெரியும்? டெலிட்டைத் தட்டிப் பார்த்தீங்க, வேலைக்காகல. அப்புறம் பந்தை உருட்டி ஃபைலைத் தொட்டியில தள்ளி, தொட்டியையும் காலி பண்ணிட்டீங்க. அதெல்லாம் கை நடுங்கித் தானா நடக்கிற காரியமா?"

அண்ணன் நாற்காலியில் சரிந்தான். சட்டைப்பையிலிருந்து பென்டிரைவ் வெளியே வந்தது. "ஒரேயடியா அழிக்க மனசு வரல. இதுல காப்பி எடுத்து வெச்சிருக்கேன். அங்க இவளுக்கு ஒண்ணுன்னா யார் பார்ப்பா?"

அறை வாசலில் தங்கை நின்றிருந்தாள். "உள்ள வந்து சொருகு."

சொருகினான். அவள் பந்தை நிதானமாக உருட்டினாள். பன்னிரண்டுக்கு முன்பே ஃபைல் போய்ச் சேர்ந்தது.

"பயமா இருக்கான்னு என்கிட்ட கேட்டிருக்கலாமே அண்ணே. இருக்குன்னுதான் சொல்லியிருப்பேன்."

அண்ணன் நிமிர்ந்தான்.

"ஆனாலும் போவேன்."