பேர் இல்லாத நோய்க்கு மட்டும்

காலை எட்டு மணிக்கு ரஹ்மத் ஷட்டரைத் தூக்கும்போதே வாசலில் பதினோரு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். அத்தனை பேரும் நோயாளிகள்தான். ஆனால் ஒருவருக்கும் ஒரு நோயும் கிடையாது. இருந்திருந்தால் இந்த வாசலில் அண்டவே விட்டிருக்க மாட்டார்கள்.

வண்ணார்பேட்டை குடும்ப மருத்துவ நிலையத்தின் ஏற்பாடு அப்படி. யாரும் கேள்வி கேட்டுத் தொந்தரவு செய்யக்கூடாதென்று ரஹ்மத் அதைக் கொட்டை எழுத்தில் பலகையாகவே மாட்டிவிட்டாள். 'பேர் உள்ள நோய்: வீட்டு மருந்துப்பெட்டி. அடி, முறிவு, பிரசவம்: மாவட்ட மருத்துவமனை. பேர் இல்லாதது மட்டும்: உள்ளே வரவும். ஆளுக்கு இருபது நிமிடம். நடக்க முடியாதவர்களுக்குப் புதன்கிழமை டாக்டர் வீட்டுக்கே வருவார்.'

நம் பாட்டன்மார் காலத்தில் இந்தப் பலகையை மாட்டியிருந்தால் கல்லெறிந்திருப்பார்கள். இப்போது கதை வேறு. பிறந்த குழந்தை முதல் எல்லார் மணிக்கட்டிலும் நலக்காப்பு இருக்கிறது. ரத்தம், மூச்சு, தூக்கம், ஏப்பம் வரைக்கும் அது அளந்துவிடும். நோய்க்கு இன்ன பேர் என்று தெரிந்த மறு நிமிடம், சமையலறைச் சுவரில் இருக்கும் மருந்துப்பெட்டி மாத்திரையைத் தட்டில் தள்ளிவிடும். அதற்கு டாக்டர் எதற்கு? காப்பு முழித்துக்கொண்டு நிற்கும் இடத்துக்குத்தான் டாக்டர் வேண்டும்.

அதனால் உள்ளே போகும் கதவில் ஒரு வாசல்கணி, வாசல் காக்கும் கணினி. காப்பைக் காட்டினால் அது ஊர்ப்பேச்சிலேயே கேட்கும்: "உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒரு மாதிரியா இருக்கு."

அவ்வளவுதான், கதவு திறந்துவிடும். எந்த மாதிரி, எந்த இடத்தில் என்றெல்லாம் கிடையாது. ஒரு காலத்தில் இந்தப் பதிலைக் கேட்டு டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். இன்றைக்கு அதுதான் நுழைவுச்சீட்டு.

ரஹ்மத் ஒன்பது வருடமாக இந்த வரவேற்பு மேசையில் இருக்கிறாள். ஒரு நாள்கூட வரிசை பிசகியதில்லை. இருபதாவது நிமிடம் டாக்டர் அறைக் கதவை இரண்டு தட்டு தட்டுவாள். உள்ளே யார் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தாலும் சரி, மூன்றாவது தட்டுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும். "ஈவு இரக்கமில்லாத பொம்பள" என்று வரிசையில் அவளுக்குப் பேர். அவளுக்கும் உள்ளே போய் அந்த நாற்காலியில் உட்கார வழியில்லை என்பது யாருக்கும் தெரியாது. முப்பத்து நாலு வயதிலேயே காப்பு அவளுக்கு 'ரத்த அழுத்தம்' என்று பேர் வைத்துவிட்டது. வீட்டில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் "காப்புதான் பச்சை காட்டுதே, உனக்கென்ன?" என்பார்கள். அவளும் எழுந்து வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. பத்து இருபதுக்கு மாசானமுத்து அண்ணாச்சி வந்தார். மொட்டைமாடிகளில் சூரியத் தகடு துடைக்கிற ஒப்பந்தக்காரர், ஐம்பத்தெட்டு வயது. ஆறு வருடமாக எல்லாச் செவ்வாயும் பத்து இருபது அவருடையது. நெஞ்சுக்கும் தொண்டைக்கும் நடுவில் அவருக்கு ஒரு மாதிரியாக இருக்கும். உள்ளே டாக்டர் ஜெபராணி நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழலைக்கூட எடுக்கமாட்டார். "அப்புறம்?" என்பார். இவர் சொல்லுவார். மறுபடியும் "அப்புறம்?" என்பார். வாரம் முழுக்க மாடி மாடியாக ஏறி இறங்கி, தகட்டைத் தவிர எதன் முகத்தையும் பார்க்காத மனுசனுக்கு அந்த இருபது நிமிடம்தான் எல்லாமே.

அண்ணாச்சி காப்பை நீட்டினார். வாசல்கணி கேள்வியே கேட்கவில்லை. நாதஸ்வரம் போல ஒரு சத்தம் எழுப்பியது.

"வாழ்த்துகள்! உங்கள் நோய்க்குப் பேர் கிடைத்துவிட்டது. சர்க்கரை, இரண்டாம் வகை. மாத்திரை வீட்டுப் பெட்டியில் தயார். நல்லபடியாகப் போய்வரவும்."

வரிசையே கதவைத் திரும்பிப் பார்த்தது.

"ஐயோ, பேர் வந்துருச்சா!" என்று ஒரு அம்மா வாயில் கை வைத்தாள்.

"இங்க பாரு, எனக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்றார் அண்ணாச்சி கதவிடம்.

"அந்த ஒரு மாதிரியின் பேர்தான் சர்க்கரை."

"சர்க்கரை நேத்து வந்ததா இருக்கும். இது ஆறு வருசமா இருக்குல்லா!"

"வாழ்த்துகள்" என்றது கதவு.

அண்ணாச்சி விட்டுவிடுகிற ஆளா? வியாழக்கிழமை மச்சினன் சுடலையின் காப்பை இரவல் வாங்கி மாட்டிக்கொண்டு வந்தார். "வணக்கம் சுடலை. உங்கள் மூலத்துக்கு மாத்திரை வீட்டில் இருக்கிறது" என்று ஊருக்கே கேட்கும்படி அறிவித்தது வாசல்கணி. சுடலை அதன் பிறகு ஒரு மாதம் இந்தப் பக்கம் தலைகாட்டவில்லை. இன்னொரு நாள் பட்டினி கிடந்து, பாளையங்கோட்டை வரை நடந்து போய்த் திரும்பி, சர்க்கரையை மட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார். "கட்டுப்பாடு அருமை. வாழ்த்துகள்" என்றது.

அடுத்த செவ்வாய் பத்து இருபதுக்கு டாக்டர் ஜெபராணியின் எதிர்நாற்காலி இரண்டாவது வாரமாகக் காலியாகக் கிடந்தது. பேர் வந்தவரின் இடத்தை, அவரே விட்டுக்கொடுத்தாலொழிய, மூன்று மாதம் யாருக்கும் கொடுக்கக்கூடாது என்பது விதி. டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"ரஹ்மத், அவரு எங்க?"

"பேர் வந்துருச்சு டாக்டர்."

டாக்டரின் முகம் விழுந்துவிட்டது. "கடைசியா வந்தப்போ அவரு மகளுக்குக் கடுதாசி எழுதணுமா வேண்டாமான்னு கேட்டாரு. நான் பதில் சொல்லதுக்குள்ள நீ கதவைத் தட்டிட்ட."

ரஹ்மத்துக்குச் சுருக்கென்றது. ஒன்பது வருடத்தில் எத்தனை பேச்சைப் பாதியில் தட்டி நிறுத்தியிருப்போம் என்று அன்றைக்குத்தான் முதன்முதலாக நினைத்துப் பார்த்தாள். மதியச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு, நிலையத்தின் விதிப்புத்தகத்தைத் திரையில் விரித்தாள். நானூற்றுச் சொச்சம் பக்கம். முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், யாருமே படித்திருக்க முடியாத ஒரு வரி கிடந்தது. 'பேர் உள்ள நோய் தொடர்ந்து இருபத்தொரு நாள் முழுக் கட்டுப்பாட்டில் இருந்தும் எஞ்சி நிற்பது, மீதம் எனப்படும். மீதம், பேர் இல்லாததாகவே கருதப்படும்.'

"அல்லாவே!" என்று கத்தியே விட்டாள்.

அண்ணாச்சியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விளக்கினாள். "இருபத்தொரு நாள் சர்க்கரை இம்மி அசையக்கூடாது. கணக்கு எத்தனைன்னு தெரிஞ்சுக்கிட தினம் காலையில வந்து வாசல்கணிகிட்ட காப்பைக் காட்டிக்கிடுங்க. கடைசி நாள் 'இன்னும் ஒரு மாதிரியாத்தான் இருக்கு'ன்னு சொன்னா, அப்போ அது சர்க்கரை இல்லன்னு ஆயிரும். கதவு திறந்துதான் ஆகணும்."

"கருப்பட்டிக் காப்பி?"

"பேச்சே கிடையாது."

நாலாம் நாளே குட்டு உடைந்தது. "எண்ணிக்கை மீண்டும் ஒன்று" என்றது வாசல்கணி. அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டு, "அரை டம்ளர்தான் குடிச்சேன்" என்றார். அன்றிலிருந்து வரிசை முழுவதும் காவலுக்கு இறங்கியது. வாயில் கை வைத்த அந்த அம்மா, பேர் லூர்தம்மாள், தினமும் அவர் டிபன் டப்பாவைத் திறந்து பார்த்த பிறகுதான் விட்டாள். ரயில் சந்திப்புப் பக்கம் ஒரு கல்யாணத்தில் பாயசத்துக்கு இலையை நீட்டினவரை, பின்பந்தியிலிருந்து நாலு பேர் "அண்ணாச்சி, பதினொண்ணாம் நாள்!" என்று கத்தி நிறுத்தினார்கள். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ காரியக் கணக்கு என்று நினைத்துப் பயந்துபோனார்கள்.

காலையில் அவர் வந்தாலே எட்டுத் திக்கிலிருந்தும் விசாரிப்பு. "அண்ணாச்சி, இன்னைக்கு எப்படி இருக்கிய?" "ராத்திரி தூங்குனியளா?" "மகளுக்கு எழுதிட்டியளா?" அவரும் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொல்லுவார். பிறகு அவர்களைக் கேட்பார். வரிசையில் பேச்சு முடிந்து தகடு துடைக்கப் போகும்போது மணி பத்தாகிவிடும். ரஹ்மத் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, நாள்காட்டியில் ஒவ்வொரு கட்டமாக அடித்துவந்தாள்.

இருபத்தொன்றாம் நாள், வைத்தாற்போல ஒரு செவ்வாய்க்கிழமை. பத்து பத்தொன்பதுக்கே வாசலில் இருபது பேர் கூடிவிட்டார்கள். அதில் பாதிப் பேருக்கு அன்றைக்கு முறையே கிடையாது. உள்ளே டாக்டர் நாற்காலியைத் துடைத்துப் போட்டிருந்தார். அண்ணாச்சி சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்திருந்தார். காப்பை நீட்டினார்.

"இருபத்தொரு நாள் முழுக் கட்டுப்பாடு" என்றது வாசல்கணி. "உடம்புக்கு என்ன செய்யுது?"

ரஹ்மத்தின் உதடு தன்னையறியாமல் 'ஒரு மாதிரியா' என்று முணுமுணுத்தது. லூர்தம்மாள் ஜெபமாலையைப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி வாயைத் திறந்தார். நெஞ்சில் கை வைத்தார். கையைச் சற்று மேலே நகர்த்தினார். தொண்டையைத் தொட்டுப் பார்த்தார். மறுபடியும் கீழே இறக்கினார். முகத்தில் ஒரு திகைப்பு.

"அதக் காணோமே!" என்றார்.

"என்ன சொல்லுதிய?" ரஹ்மத் மேசையை விட்டு எழுந்துவிட்டாள்.

"போன வாரம்கூட இங்கனதான் இருந்துச்சு. இப்போ நல்லாத்தான் இருக்கேன்!"

"வாழ்த்துகள்" என்றது கதவு. திறக்கவில்லை.

லூர்தம்மாள்தான் முதலில் சிரித்தாள். அவளைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து இன்னொருவர், கடைசியில் வாசலே குலுங்கியது. ரஹ்மத்துக்கு மட்டும் ஆற்றாமை தாங்கவில்லை.

"நல்ல ஆளுதான் நீங்க! மூணு வாரமா உங்களுக்குக் காவல் இருந்து நாங்க கண்ட பலன் இதானா? ஒரே ஒரு பொய் சொன்னா என்ன, குடியா முழுகிப் போயிரும்?"

"அதுக்கு நான் என்னம்மா செய்ய? நீங்கள்ளாம் தினம் என்னய எப்படி இருக்கியன்னு கேட்டியள்லா, அதுலயே போயிருச்சு போல" என்றார் அவர், மன்னிப்புக் கேட்கிற குரலில். பிறகு அவள் முகத்தைச் சற்று உற்றுப் பார்த்தார். "அது கிடக்கட்டும். உனக்கு எப்படி இருக்கு, தங்கச்சி?"

"எனக்கென்ன, காப்பு பச்சைதான்."

"காப்பையா கேட்டேன்? உன்னயல்லா கேட்டேன்."

ரஹ்மத் மேசை மேல் நாள்காட்டியை நேராக்கி வைத்தாள். இந்த வாசலில் அவள் காதில் விழுந்த விசாரிப்புகளுக்கு அளவே இல்லை. அவற்றில் ஒன்றுகூட அவளைப் பார்த்துக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. சட்டென்று திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"பச்சைன்னா, உனக்கும் பேர் உண்டுல்லா?" அண்ணாச்சி மெதுவாகக் கேட்டார்.

"ரத்த அழுத்தம். ஆறு வருசமா கட்டுக்குள்ளதான் இருக்கு."

"ஆறு வருசம்! நான் இருபத்தொரு நாளுக்கே தெருவக் கூட்டிட்டேன்." மேசையைச் சுற்றி வந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். "என் பத்து இருபது சும்மாதான கிடக்கு. எந்திரி. போ உள்ள. வரிசைய நான் பாத்துக்கிடுதேன்."

"அதெப்படி அண்ணாச்சி, வரிசை..."

"அட போம்மா!" என்று வரிசையே சொன்னது.

ரஹ்மத் வாசல்கணியின் முன்னால் வந்து நின்றாள். நோயாளியாக அவள் அதன் முன்னால் நின்றதே இல்லை. காப்பை நீட்டினாள்.

"உடம்புக்கு என்ன செய்யுது?"

"ஒரு மாதிரியா இருக்கு" என்றாள்.

வாசல்கணி கொஞ்சம் யோசித்தது. "மீதம் உண்டு. உள்ளே வரவும்."

கதவு திறந்தது. மாசானமுத்துவை எதிர்பார்த்து நிமிர்ந்த டாக்டர் ஜெபராணி, வந்து நின்றவளைப் பார்த்தார். எழுந்து வந்து கதவைச் சாத்தினார். எதிர்நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அப்புறம், ரஹ்மத்?"

அவள் எங்கேயோ ஓரிடத்தில் தொடங்கினாள். தொடங்கின பிறகு நிற்கவில்லை. வெளியே அண்ணாச்சியின் குரல் கேட்டது: "அடுத்தது யாரு? வாங்க, உக்காருங்க. உடம்புக்கு என்ன செய்யுது?" யாரோ நீளமாக எதையோ சொன்னார்கள். "அப்புறம்?" என்றார் அவர்.

இருபதாவது நிமிடம் வந்தது. பேசிக்கொண்டே ரஹ்மத் பழக்கதோசத்தில் கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரும் தட்டவில்லை.