ஆள் இறங்கிய ஸ்ட்ரெச்சர்

ஆண்டிமடத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது உச்சி வெயில். திருமானூரிலிருந்து பஸ் மாறி மாறி வந்திருந்தேன். கையில் தூக்குச்சட்டி, சோறும் கருவாட்டுக் குழம்பும். சனிக்கிழமையும் அதுவுமாகக் கருவாடா என்று மாமியார் முனகினார். சண்டைக்குப் போகிற மனுஷனுக்கு நாள் கிழமை பார்த்தா பொங்குவார்கள் என்று வாயடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

என் வீட்டுக்காரர் குருநாதன் பட்டாளத்தில் சிப்பாய். 1988 சித்திரையில் அவரையும் கூட்டாளிகளையும் இலங்கைக்கு அனுப்புவதற்கு முன்னால், இங்கே முந்திரிக்காட்டில் கொண்டுவந்து பழக்கினார்கள். போகிற இடத்திலும் இப்படித்தான் செம்மண்ணும் புதருமாக இருக்குமாம். எங்களுக்குக் கல்யாணமாகி வருஷம் திரும்பவில்லை. அவர் உயிரோடு திரும்பி வரவேண்டும். எனக்கு வேறு வேண்டுதலே இல்லை.

கேம்ப் வாசலில் சுபேதார் நல்லுசாமி என்னை நிறுத்தி, பயிற்சி முடிகிறவரைக்கும் மரத்தடியில் உட்காரச் சொன்னார். மீசைதான் முரடு, மனுஷர் நல்லவர். குடிக்கத் தண்ணீர்கூடக் கொடுத்தனுப்பினார்.

முந்திரிக்காடு பட்டப்பகலிலும் இருட்டிக் கிடக்கும். கிளையெல்லாம் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். குனியாமல் உள்ளே போக முடியாது. பழம் உதிர்ந்து அழுகுகிற காலம் அது. அந்தப் புளித்த வாடை தொண்டைவரை இறங்கியது. ஈ மொய்க்கிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு குருவி கத்தவில்லை.

கொஞ்ச நேரத்தில் கிளைகளை விலக்கிக்கொண்டு நாலு பேர் வந்தார்கள். தோளில் ஸ்ட்ரெச்சர். அடிபட்டவனைத் தூக்கிக்கொண்டு வெளியேறுகிற பயிற்சி. ஆள் ஒல்லி, தூக்க லேசு என்று தினமும் எங்கள் வீட்டுக்காரரைத்தான் அடிபட்டவராகப் படுக்க வைப்பார்களாம்.

பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டேன்.

தாடையில் குண்டடி என்று கணக்கு. மோவாயிலிருந்து உச்சந்தலைக்கு வெள்ளைத்துணி போட்டு இறுக்கியிருந்தார்கள். கால் ஒடிந்தது என்று கணக்கு. ஒடிந்த காலை நல்ல காலோடு சேர்த்துக் கட்டுவது அவர்கள் முறை. பூட்ஸைக் கழற்றி, இரண்டு கட்டைவிரலையும் சேர்த்து முடிந்திருந்தார்கள். கண்ணை மூடிக் கிடந்தார். கால் முன்னே வர, நாலு பேர் தோளில் வந்தார்.

அவர்களுக்கு அது முதலுதவி. எங்கள் பக்கத்தில் வாயையும் காலையும் அப்படி யாருக்குக் கட்டுவார்கள் என்று சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அன்றைக்குச் சனிக்கிழமை வேறு. சனிப் பிணம் தனிப் போகாது, துணைக்கு ஆள் கூப்பிடும் என்பார்கள். அதனால்தான் சனிக்கிழமை செத்தவர் பாடையில் ஒரு கோழியைக் கட்டி அனுப்புவது. அப்பேர்ப்பட்ட நாளில் இவர்கள் உயிருள்ள மனுஷனைப் படுக்க வைத்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஓடிப்போய்க் கட்டை அவிழ்க்கச் சொல்லிக் கத்தினேன். முன்னால் தூக்கியிருந்த பழனிவேல் அவருடைய சிநேகிதர். சிரித்துக்கொண்டே ஸ்ட்ரெச்சரை இறக்கிக் கட்டுகளை அவிழ்த்தார். எங்கள் வீட்டுக்காரர் எழுந்து தரையில் நின்றார். முகம் மட்டும் வெளுத்திருந்தது. போன உயிர் எனக்குத் திரும்பி வந்தது.

சுபேதார் அடுத்த சுற்றுக்கு விசில் ஊதினார். நாலு பேரும் காலி ஸ்ட்ரெச்சரைத் தூக்கக் குனிந்தார்கள்.

தூக்க முடியவில்லை.

மற்றவர்கள் விளையாடுகிறார்கள் என்று நினைத்துப் பழனிவேல் ஒரு கெட்ட வார்த்தை சொன்னார். மறுபடியும் பிடித்தார்கள். கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, ஒரு சாண் உயரம் எழும்பியது. நடுவில் கித்தான் தொய்ந்து தொங்கியது.

ஒரு ஆள் நீளத்துக்குத் தொங்கியது.

"அண்ணி," என்றார் பழனிவேல், உதடு அசையாமல். "உள்ள ஆளு கெடக்கு."

ஈக்களைப் பார்த்தேன். அவை கித்தானில் உட்காரவில்லை. அதற்கு மேலே, ஒன்றுமே இல்லாத இடத்தில், வரிசையாக உட்கார்ந்திருந்தன.

தலை இருக்கவேண்டிய இடத்தில் இருந்த பள்ளம் மெல்ல என் பக்கம் திரும்பியது.

இது துணை கேட்டு எங்கள் வீட்டுக்காரரைக் கொண்டுபோய்விடுமே என்ற பயம்தான் எனக்கு. சுபேதாரிடம் போனேன்.

"ஐயா, ஒரு கோழி குடுங்க. எதுக்குன்னு கேக்காதீங்க."

அவர் கேட்கவில்லை. சமையல் கூடாரத்தில் மறுநாள் கறிக்கு வைத்திருந்த கோழிகளில் ஒன்றைத் தானே பிடித்து வந்தார். நான்தான் அதன் காலை ஸ்ட்ரெச்சர் கைப்பிடியில் கட்டினேன். அது படபடக்கவில்லை, கொக்கரிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டது.

ஸ்ட்ரெச்சர் லேசாகிவிட்டது. காட்டின் கோடியில் பயிற்சிக்கு வெட்டிய பதுங்குகுழி ஒன்று இருந்தது. கோழியையும் கட்டுத்துணியையும் அதில் போட்டு மண்ணைத் தள்ளினார்கள். சுபேதார் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

அப்பாடா என்று இருந்தது எனக்கு. எங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சோறு போட்டேன். என் பங்கையும் சேர்த்துத் தின்றார்.

மறு வருஷம் மாசியில் ஊருக்குத் திரும்பி வந்தார். கூடப் போனவர்களில் கை போனவர்கள் உண்டு, கால் போனவர்கள் உண்டு. இவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. ஊரே என் தாலி பாக்கியத்தைப் பேசியது. நானும் பூரித்துத்தான் போனேன், அதை ஏன் மறைக்க?

பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. மூன்று ஆள் சோற்றை ஒரே ஆளாகத் தின்பார். கயிற்றுக் கட்டிலில் படுத்தால் கயிறு தொய்யாது. ஈர வரப்பில் நடந்துவிட்டு வந்தால் ஒரு தடம் இருக்காது.

யாரிடம் போய்ச் சொல்வேன்? கேட்டால் எனக்குத்தான் பேய் ஓட்டுவார்கள்.

சித்திரை பிறந்து ஒருநாள், முந்திரிக்கொட்டை பொறுக்குகிற ஆண்டாயி என்பவள் ஆண்டிமடத்திலிருந்து என்னை விசாரித்துக்கொண்டு வந்தாள். அவளை நான் பார்த்ததே இல்லை. வாசலுக்கு வர மாட்டேன் என்று சொல்லி, என்னைத் தெருமுனைக்கு வரச்செய்து தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அம்சவள்ளி நீங்கதானா? உச்சி நேரமானா காட்டுக்கோடியில ஒரு ஆம்பளக் கொரலு கேக்குதுங்க. வாயக் கட்டிப்போட்டாப்ல பேசுது. 'திருமானூரு அம்சுகிட்ட சொல்லுங்க, எனக்குப் பசிக்குது'ன்னு கெஞ்சுது."

அம்சு என்று என்னைக் கூப்பிடுவது அவர் ஒருவர்தான்.

அன்று கோழியைக் கட்டி நான் வழியனுப்பி வைத்தது யாரை? அவளை அங்கேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். இருக்கிற சோற்றை அள்ளிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிக்கவேண்டும்.

அடுப்படியில் எங்கள் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தெருமுனையில் பேசியது அங்கே கேட்க வழியே இல்லை.

"போவாத அம்சு," என்றார், தலை நிமிராமல். "அவன் கெடக்கட்டும்."

பிறகு தட்டை என் பக்கம் நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.