தொலைத்தவர் வருவார்

பாலத்தின் கைப்பிடிக் கம்பியில் ஒரு கையுறை நின்றுகொண்டிருந்தது. யாரோ மறந்துவிட்டுப் போனதுபோல் கிடக்கவில்லை. கம்பியின் முனையில் செருகப்பட்டு, ஐந்து விரல்களும் மேலே பார்க்க, போகிறவர்களைக் கொஞ்சம் நில்லுங்கள் என்பதுபோல் நின்றது. குழந்தையின் கையுறை, சிவப்புக் கம்பளி. அதைப் பார்த்ததும் தன் கால் ஏன் நின்றுவிட்டது என்று வசந்தகுமாருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்றே தனக்குச் சொல்லிக்கொண்டான்.

கூட வந்த தௌஹீத்துக்கு அது பிடித்துப்போயிற்று. காலையில் ஹோட்டல் பெண்ணிடம் போனில் மொழிபெயர்த்துப் பேசியே பாதி ஊர்க்கதையைத் தெரிந்துகொண்டு வந்தவன் அவன். இந்த ஊரில் கீழே விழுந்த பொருளை யாரும் எடுத்துப் போவதில்லையாம், மிதிபடாமல் கண்ணில் படும் உயரத்தில் வைத்துவிட்டுத்தான் போவார்களாம்.

"தொலைச்சவங்க எப்படியும் தேடிக்கினு வருவாங்கன்னு ஒரு நம்பிக்கைபா. நம்ம புதுவாயல் ஜங்ஷன்ல வெச்சா கம்பியும் சேர்ந்து காணாப்பூடும்."

வசந்தகுமார் சிரிக்க முயன்றான்.

கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் விபத்தே இல்லாமல் ஆயிரம் நாள் முடிந்ததற்காக, ஜப்பானில் இந்த நகோயாவில் இருக்கும் தலைமைக் கம்பெனி பத்துப் பேரை அழைத்திருந்தது. எட்டுப் பேர் நாளைக் காலையில் வருகிறார்கள். டிக்கெட் கிடைத்த விதத்தில் இவர்கள் இருவர் மட்டும் ஒரு நாள் முன்னதாக வந்து இறங்கிவிட்டார்கள். பழவேற்காட்டுக்காரனான தௌஹீத் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். கம்பெனி பஸ்ஸில் வசந்தகுமாருக்குப் பதினோரு வருஷமாகப் பக்கத்து சீட்டு. வசந்தகுமார், இரும்புத் தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் லைனுக்கு லீடர். நாளை மத்தியானம் மேடையில் நின்று, விபத்தில்லாத ஆயிரம் நாளைப் பற்றி இரண்டு பக்கம் வாசிக்கப்போகிறவன் அவன்தான். அந்தத் தாள் மடித்தபடி சட்டைப் பையில் இருந்தது. காலையிலிருந்து அது நெஞ்சில் உறுத்திக்கொண்டே இருந்தது.

பகலெல்லாம் நன்றாகத்தான் போயிற்று. கோட்டையைப் பார்த்தார்கள். வசந்தகுமாரின் மனைவி தமிழ்செல்வி கட்டிக்கொடுத்த பொடி இட்லியைப் பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நாஷ்டாவாகத் தின்றார்கள். தௌஹீத் ஒரு மரத்தடியில் துண்டை விரித்துத் தொழுதான். தொழுது எழுந்தவன் முகத்தில் எப்போதும் ஒரு கழுவின தெளிவு இருக்கும், வசந்தகுமாருக்கு அதை நேராகப் பார்க்க முடியவில்லை. செவ்வாய்தோறும் சிறுவாபுரி முருகன் முன்னால் நிற்கிறவன்தான் அவனும். ஆனால் இந்த மூன்று மாதமாகச் சந்நிதியில் கை கூப்பும்போது, ஒட்டிய தன் பத்து விரலையும் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மூடிக்கொள்கிறான்.

ஐந்து மணிக்கே அங்கே இருட்டிவிட்டது. கால்வாய்த் தண்ணீரில் கடைகளின் வெளிச்சம் எண்ணெய் மாதிரி மிதந்தது. சாலைச் சந்திப்பில் பச்சை விழுந்தால் கம்பத்துக்குள்ளிருந்து ஒரு குயில் கூவியது. கண் தெரியாதவர்களுக்கான கூவலாம். கூட்டம் சத்தமே போடாமல் கடந்து போக, காலடியோசை மட்டும் மழை தூறுவதுபோல் கேட்டது. இவ்வளவு பேர் இவ்வளவு அமைதியாக நடக்கிற ஊரில் தன் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கிறதோ என்று வசந்தகுமாருக்குக் கூச்சமாக இருந்தது.

இரண்டாவது கையுறை, ஒரு வேலியின் மேல் நின்றது.

வெள்ளைப் பருத்தி. உள்ளங்கையில் பிடிமானத்துக்கு மஞ்சள் புள்ளிகள். வலது கை. தொழிற்சாலையில் போடுகிற கையுறை. இந்த ஊரிலும் எத்தனையோ தொழிற்சாலைகள் இருக்கின்றன, இதிலென்ன அதிசயம் என்று நினைத்துக்கொண்டே தாண்டிப் போனான். பத்தடி போனதும்தான் மூக்கு உணர்ந்தது. பிரஸ்ஸின் மசகெண்ணெய் வாசனை. சூடான இரும்பு. அதற்கடியில் இன்னொரு வாசனை.

"இன்னாபா, மூஞ்சி வெளுத்துக்கீது?" என்றான் தௌஹீத்.

குளிர் என்றான். தௌஹீத் உடனே தானியங்கிப் பெட்டியிலிருந்து சுடச்சுட ஒரு காப்பி டப்பாவை எடுத்துவந்து அவன் கைக்குள் வைத்து அழுத்தினான். அந்தச் சூடு விரல்களுக்குள் இறங்கியபோது வசந்தகுமாருக்கு அழுகை வரும்போல் இருந்தது. இப்படி ஒரு கை மட்டும் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால்.

அன்றைக்கு அங்கே இருந்த கை அவனுடையது.

ஒப்பந்தத் தொழிலாளி அன்புராஜின் நான்கு விரல்களை பிரஸ் வாங்கிக்கொண்டபோது, ஆயிரம் நாளுக்கு இன்னும் அறுபது நாள் பாக்கி இருந்தது. அவனைக் கம்பெனி வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு போன பிறகு, ஷிஃப்ட் பொறுப்பாளர் வசந்தகுமாரை ஓரமாக அழைத்துப் பேசினார். வீட்டில் மோட்டார்சைக்கிள் சங்கிலியில் கை மாட்டியது என்றே எழுதப்படும், நீ தரையைச் சுத்தம் பண்ணிவிடு என்றார். பிரஸ்ஸுக்கு அடியில் அந்தக் கையுறை கிடந்தது. மற்றவர்களுடையதோடு மாறிவிடக் கூடாதென்று அன்புராஜின் மனைவி ஜோதிலட்சுமி மணிக்கட்டு ஓரத்தில் பச்சை நூலால் இரண்டு வரி தைத்துக் கொடுத்த கையுறை. எடுத்தபோது அது கனத்தது. காலியாக இல்லை. அதைக் கழிவு இரும்புத் தொட்டியில் போட்டான். மேலே இரண்டு தகடுகளையும் போட்டான்.

அரை மணி நேரத்தில் ஜோதிலட்சுமி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தாள். அவள் அழவில்லை, அவசரமாகப் பேசினாள். "அண்ணா, விரலு கெடச்சா ஐஸ்ல வெச்சி எட்துனு வரச் சொல்றாரு டாக்டரு. ஒட்ட வெச்சிடலாமாம். அங்க கெடக்குதா பாருண்ணா."

தொட்டி இரண்டடி தூரத்தில் இருந்தது. விரல் ஆஸ்பத்திரிக்குப் போனால், அது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியும் கூடவே போகும்.

"நல்லா தேடிட்டேம்மா. ஒண்ணுமில்ல" என்றான்.

அப்புறம் ஒரே ஒரு தடவை புதுவாயலில் பஸ் நின்றபோது அன்புராஜைப் பார்த்தான். டீக்கடையில் தட்டு ஏந்திக்கொண்டிருந்தான். வலது கையில் மிச்சமிருந்த கட்டைவிரலால் தட்டின் விளிம்பை மார்போடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தான். இவனைப் பார்த்ததும் அன்புராஜ் சிரித்தான். வசந்தகுமார் செருப்பு வார் அறுந்தவன்போல் குனிந்துகொண்டான்.

மூன்றாவது கையுறை, கடைவாசல் கம்பத்தில்.

நான்காவது, ஒரு சைக்கிளின் கைப்பிடியில்.

எல்லாம் வலது கை. எல்லாம் அவன் பக்கம் பார்த்து. தௌஹீத் எதையும் கவனிக்காமல், தன் மகள் அஃபீஃபாவுக்கு வாங்கவேண்டிய பென்சில் பெட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டே போனான். வசந்தகுமார் தரையைப் பார்த்தே நடந்தான். தரையில் நிழல்கள். கம்பத்தின் நிழல். தௌஹீத்தின் நிழல். தன் நிழல். அதன் வலது பக்கம் ஒட்டினாற்போல் குட்டையாக ஒன்று.

நிமிர்ந்தான். யாரும் இல்லை.

பாலத்துக்கே திரும்பி வந்துவிட்டார்கள். அதைத் தாண்டினால் ஹோட்டல். சிவப்புக் கம்பளிக் கையுறை இப்போது கம்பியில் இல்லை.

"பாத்தியா, வந்து எட்துனு போய்ட்டாங்க" என்று தௌஹீத் குழந்தைபோல் மகிழ்ந்தான். பிறகு நெற்றியில் தட்டிக்கொண்டான். "டேய், மறந்தே பூட்டேன். காப்பி எடுக்கறப்போ உன் கிளவுஸ் கீழ உழுந்து கெடந்துச்சி. எட்து உன் கோட்டு பாக்கெட்லயே வெச்சிட்டேன். ஒத்தையாத்தான் இருந்துச்சி. இன்னொண்ணு இன்னா ஆச்சி?"

வசந்தகுமார் ஊரிலிருந்து கையுறை கொண்டுவரவில்லை.

வலது கை ஏற்கெனவே கோட்டுப் பைக்குள் இருந்தது. விரல் நுனியில் பருத்தி. ஈரமில்லை, மடங்கிக் கிடக்கும் வெறும் துணி. மணிக்கட்டு ஓரத்தில் நூல் தடித்திருந்தது. ஒரு வரி. இன்னொரு வரி.

தௌஹீத் நின்று அவன் முகத்தைப் பார்த்தான். விளையாட்டு அவன் குரலிலிருந்து இறங்கிவிட்டது.

"வசந்தா, மூணு மாசமா நீ நீயா இல்ல. பஸ்ஸுல பக்கத்துல குந்திக்கினு வர்றவன், எனக்குத் தெரியாதா? எதுவா இருந்தாலும் சொல்லு. நாளைக்கு எல்லாரும் வந்துட்டா பேச முடியாது. சொல்லிட்டா பாதி பாரம் எறங்கிடும்பா."

பாலத்து முனைச் சந்திப்பில் சிவப்பு விளக்கு. எதிரே கூட்டம் காத்து நின்றது. சொல்லிவிடலாம். தாளைக் கிழித்துக் கால்வாயில் போட்டுவிடலாம். நாளை மேடையில் அன்புராஜின் பெயரை உரக்கச் சொல்லலாம். வாயைத் திறந்தான். பைக்குள் கையுறை அசையாமல் கிடந்தது. காத்திருப்பதுபோல். அதுவும் கேட்பதுபோல்.

தௌஹீத்தின் கழுவின முகம். அது மாறிவிடுமே. இனிமேல் பஸ்ஸில் அந்த சீட்டில் அவன் உட்காரமாட்டானே.

"ஒண்ணுமில்ல" என்றான் வசந்தகுமார்.

பச்சை விழுந்தது. குயில் கூவியது. தௌஹீத் ஒரு பெருமூச்சோடு அவன் இடது தோளைத் தட்டிவிட்டு முன்னே நடந்தான்.

பைக்குள் துணி நிமிர்ந்தது.

முதலில் சுண்டுவிரல். மெதுவாக, கையுறைக்குள் யாரோ கை நுழைப்பதுபோல் நிரம்பியது. அடுத்து மோதிரவிரல். நடுவிரல். ஆள்காட்டி விரல். கதகதப்பாக இருந்தது. வலிக்காமல், அன்பாகக்கூட, அது அவன் விரல்களுக்கிடையே ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டது. கூட்டத்தில் தொலைந்துவிடாமல் இருக்கப் பிடிக்கும் பிடி.

எதிர்ப்பக்கத்திலிருந்து தௌஹீத் திரும்பி, வா என்று கையாட்டினான். வசந்தகுமார் கையை இழுத்துப் பார்த்தான். வரவில்லை.

நான்கு விரல்கள். இறுக்கமாக.

கட்டைவிரல் மட்டும் காலித் துணியாய் அவன் உள்ளங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது.